தூரத்து வைத்தியம்

என் அன்புக் குழந்தாய்,

சென்ற செவ்வாய்க்கிழமை பின்னிரவு மூன்றேகால் மணிக்கு நீ கைபேசியில் அனுப்பியிருந்த நான்கு வரிகளை, ஆறு மணிக்குக் காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு படித்தேன். படித்து முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. தூக்கம் வருவதில்லை என்றும், சோறு மண்ணாயிருக்கிறது என்றும், புத்தகத்தைத் திறந்தால் எழுத்துத் தெரிகிறதே ஒழிய அர்த்தம் ஏறவில்லை என்றும், பூனாவில் இதை யாரிடமும் சொல்ல மனம் கூசுகிறது என்றும் எழுதிவிட்டு, கடைசியில் ஏதோ கைமாற்றுக் கேட்பவனைப் போல, "ஆன்லைன்ல கவுன்சலிங் எடுத்துக்கலாமா பெரியப்பா?" என்று கேட்டிருந்தாய். அன்றே பேசிவிட்டோம். ஆனால் தொலைபேசியில் சொன்னது காதோடு போய்விடும். காகிதத்தில் இருந்தால், மனம் சற்றுத் தெளிந்திருக்கும் வேளையில் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தாராளமாக எடுத்துக்கொள். பரீட்சையில் தவறியவனுக்கும் பிரியமானவரை இழந்தவனுக்கும் உண்டாகும் துக்கம் இயற்கையானது. அது நாளடைவில் தானே வடியும். ஆனால் இரண்டு வார காலத்துக்கு மேல், அநேகமாக நாள் முழுவதும், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்து, தூக்கமும் பசியும் கவனமும் கெட்டுப்போகுமானால், அதை வியாதி என்று கருதிச் சிகிச்சை தேடுவதே விவேகம். வைத்தியர்கள் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளைப் பயன்படுத்துகிறார்கள். மொத்த மதிப்பெண் 27. பத்தை எட்டினால் தகுந்த ஒருவரைப் பார்க்க வேண்டும் என்பது சம்பிரதாயம். நீயும் போட்டுப் பார்க்கலாம், ஆனால் வந்த எண்ணை வைத்து உனக்கு நீயே வியாதிப் பெயர் சூட்டிக்கொள்ளாதே. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், பி12 சத்துக் குறைந்தாலும் இதே மாதிரியான சோர்வு உண்டாகும்; திரைக்கு அப்பால் இருக்கும் எந்த நிபுணராலும் உன் நாடியைப் பிடித்துப் பார்க்க முடியாது. ஆகையால் முதலில் உங்கள் காலேஜ் டாக்டரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்.

தூரத்திலிருந்து மனவைத்தியம் பார்ப்பது பட்டணத்து நாகரிகம் என்று உன் அப்பா சொல்லக்கூடும். ஆனால் 1959-ஆம் வருஷத்திலேயே அமெரிக்காவில் நெப்ராஸ்காவில் தொலைக்காட்சிக் கருவியைக் கொண்டு இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் ஸ்தாபித்த ஸ்கார்ஃப் என்னும் ஸ்தாபனம், 2010-இல் புதுக்கோட்டை ஜில்லாவுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. நோயாளி அந்தப் பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்தால், எதிரே இருக்கும் திரையில் சென்னையிலிருக்கும் மனநல மருத்துவர் தோன்றுவார். பேசி முடித்ததும் மருந்தும் அந்தப் பஸ்ஸிலேயே கிடைத்துவிடும். மனநல மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் கூலியை இழந்து வெகுதூரம் போக வேண்டியிருந்த கிராமத்து ஜனங்களுக்கு அது எத்தகைய உபகாரம் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இனி, இதுவரை உனக்கு நான் சொல்லாத ஒன்று. உன் பெரியம்மா காலமான வருஷம், நானும் இந்த வைத்தியத்தைத்தான் பார்த்துக்கொண்டேன். உன் அக்கா பிடிவாதமாக ஒரு கம்பெனியில் பணம் கட்டிவிட்டாள். அதன் பெயர் வேண்டாம். கைபேசியை ஊறுகாய் ஜாடியின் மேல் சாய்த்து வைத்து, சலவைச் சட்டை அணிந்து, மேலதிகாரியைப் பார்க்கப் போகிறவனைப் போல உட்கார்ந்தேன். திரையில் வந்த இளைஞர் என் கண்ணைப் பார்க்கவேயில்லை. எதையோ வாசித்துக்கொண்டிருப்பவரைப் போல, பாசிட்டிவாக இருங்கள், தியானம் செய்யுங்கள், நாற்பது நிமிஷம் நடங்கள் என்றார். இரண்டு முறை போனேன். மூன்றாம் முறை, இது நமக்கு ஆகிற காரியமில்லை என்று முடிவுகட்டிவிட்டேன். அந்த முடிவு தவறு என்பதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். ஒரு தையற்காரன் சட்டையைக் கெடுத்துவிட்டான் என்பதற்காக யாரும் சட்டையே போடாமல் இருந்துவிடுவதில்லை அல்லவா?

நான்கு மாதம் கழித்து வேறோர் அம்மையார் கிடைத்தார். அவர் முதல் நாள் உபதேசம் எதுவும் செய்யவில்லை, "விழிப்பு எத்தனை மணிக்கு வருது? அப்ப முதல்ல என்ன நினைப்பு வருது?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லத் தொடங்கியதும் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு நோட்டுப் போடச் சொன்னார். ஒவ்வொரு மணிக்கும் என்ன செய்தேன், மனம் பத்துக்கு எவ்வளவு இருந்தது என்று எழுத வேண்டும். அந்த நோட்டின் முதற்பக்கம் இப்போதும் என்னிடம் இருக்கிறது: "7 மணி, ஈஸிசேர், 1. 8 மணி, ஈஸிசேர், 1. 9 மணி, ஈஸிசேர், 1. 10 மணி, முருங்கைமரத்தடி வரை போய்க் கம்பளிப்பூச்சியை விரட்டினேன், 3." அந்த மூன்றை அவர் பிடித்துக்கொண்டார். மனத்தில் உற்சாகம் பிறக்கட்டும், பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருப்பவனுக்கு அது பிறப்பதில்லை என்றும், அற்பமான ஒரு காரியத்துக்காகவேனும் எழுந்து நடக்கிறவனைத் தேடிக்கொண்டே அது பின்னால் வருகிறது என்றும் அவர் எனக்கு வாரம் ஒரு படியாகப் புரியவைத்தார். இதே முறையில் கோவாவில், டாக்டர் பட்டமில்லாத சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் மனச்சோர்வைக் குறைக்க முடிகிறது என்று விக்ரம் படேலும் அவருடைய சகாக்களும் 2017-இல் நிரூபித்திருக்கிறார்கள் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

ஆதலால் செயலியின் அழகைப் பார்க்காதே, ஆளைப் பார். மருந்து எழுதிக் கொடுக்கக்கூடியவர் மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர். தூரத்திலிருந்து பார்க்கும் டாக்டர் தம் பதிவு எண்ணை மருந்துச் சீட்டில் காட்ட வேண்டும் என்று 2020-ஆம் வருஷத்து விதிகள் சொல்கின்றன. பேச்சின் மூலம் சிகிச்சை செய்யும் மருத்துவ உளவியலாளர், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை நீயே இணையத்தில் தேடிப் பார்க்கலாம். 'கவுன்சலர்' என்ற பலகையை மாட்டிக்கொள்வதற்கோ நடைமுறையில் தடுப்பாரில்லை. அவர்களிலும் உத்தமமானவர்கள் உண்டு. ஆயினும் என்ன படித்தீர்கள், யார் மேற்பார்வையில் வேலை செய்தீர்கள் என்று கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை. கேட்டதற்கு முகம் சுளிப்பவரிடம் போகாதே. மூன்று மாதத்துப் பணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னால் கட்டாதே. மாத்திரை கொடுத்தால், அது வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். நன்றாயிருக்கிறதே என்று நீயாக நிறுத்திவிடவும் கூடாது.

தமிழிலேயே பேசு. நீ இங்கிலீஷில் கெட்டிக்காரன் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் 'நெஞ்சு கனமா இருக்கு', 'ஒண்ணுமே பிடிக்கலை', 'வெறிச்சுனு இருக்கு' என்பவற்றை நீ மொழிபெயர்க்கத் தொடங்கினால், பாதி வேதனை வழியிலேயே சிந்திவிடும். பூனாவிலிருந்துகொண்டே மதுரைக்காரர் ஒருவரிடம் பேசலாம் என்பதுதானே இந்தத் தூரத்து வைத்தியத்தின் மகத்தான சௌகரியம்!

இதன் பெருங்குறையும் உன் பக்கத்தில்தான் இருக்கிறது. டாக்டரின் அறைக்குக் கதவு உண்டு. உன் ஹாஸ்டல் அறைக்குக் கதவு இருந்தும் பிரயோசனமில்லை, உள்ளே இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அடுத்த கட்டிலில் ஒருவன் படுத்திருக்கையில், மனிதன் வானிலையைப் பற்றித்தான் பேசுவான். ஆகவே நேரத்தைக் குறிப்பதற்கு முன்னால் இடத்தைக் குறித்துக்கொள்: காலியான வகுப்பறையோ, மொட்டைமாடியோ, எதுவானாலும் சரி. காதில் மாட்டும் கருவி அவசியம். தொடர்பு அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்பதை ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள். அமர்வு முடிந்த உடனே வகுப்புக்கு ஓடாதே. நேரில் போய் வருகிறவனுக்கு வீடு திரும்பும் வழி ஒன்று இருக்கிறது, அந்த வழியை நீ கால்மணி நேர நடையாக உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

இரகசியத்தைப் பற்றிக் கேட்டாயே. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் விஷயங்களை மறைவாகக் காப்பது அவனுடைய உரிமை என்கிறது. மின்னணு வடிவில் உள்ளவற்றுக்கும் அது பொருந்தும். ஆனால் சட்டம் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்னும் பெரிய கம்பெனி, சிகிச்சை தேடி வந்தவர்களின் தகவல்களை விளம்பரத்துக்காகப் பேஸ்புக் முதலியவற்றுக்குக் கொடுத்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியதன் பேரில், 2023-இல் அந்தக் கம்பெனி 78 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது. ஆகையால் சேரும்போது கேட்கிற ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பிவிட வேண்டுமென்பதில்லை.

இரவில் தூக்கம் வராதபோது இயந்திரத்தோடு பேசுகிறேன், அது பொறுமையாகப் பதில் சொல்கிறது என்றாய். 1966-இல் ஜோசப் வைசன்பாம் என்பவர் எலிஸா என்றொரு நிரலை எழுதினார். எதிராளி சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதற்கு மேல் அது அதிகமாக ஒன்றும் செய்யவில்லை. அப்படியிருந்தும், அதை அவர் உருவாக்கியதைப் பல மாதம் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய காரியதரிசியே, அதனோடு பேச உட்கார்ந்ததும், தயவுசெய்து வெளியே போகிறீர்களா என்று அவரைக் கேட்டாளாம்! கேட்பதற்கு ஆள் வேண்டும் என்னும் தாகம் அப்படிப்பட்டது. உன்னை நான் பரிகசிக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் நீ வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கவலைப்படும் ஒருவர் மறுமுனையில் வேண்டும்.

செத்துப்போகலாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால், அடுத்த அமர்வுக்காகக் காத்திராதே. செயலியும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். 14416 என்ற எண்ணைக் கூப்பிடு. 2022 அக்டோபரில் மத்திய அரசாங்கம் தொடங்கிய டெலிமானஸ் அது. இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். அறைத்தோழனை எழுப்பு, ஆஸ்பத்திரிக்குப் போ. எந்த நேரமானாலும் என்னையும் கூப்பிடு. கிழவனுக்கு எப்படியும் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. உன் அப்பாவிடம் நான் எதையும் சொல்லவில்லை, நீ சொல்கிற வரையில் சொல்லவும் மாட்டேன். ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் அந்த வாக்கை மீறுவேன். உன் வைத்தியரும் அப்படித்தான் செய்வார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் ஏமாற்றிவிட்டதாக நினைக்காதே.

பார்சலில் கோடு போட்ட நோட்டு ஒன்றும், தேன்குழலும் அனுப்பியிருக்கிறேன். தேன்குழலில் பாதியை அறைத்தோழர்களுக்குக் கொடுத்து, அமர்வு நேரத்தில் அவர்களை மெஸ்ஸுக்கு அனுப்பிவிடு. இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் படம் பிடித்து அனுப்பு. தைராய்டு எண் தெளிவாகத் தெரியும்படி எடு, என் கண்ணாடி பழையது.

அன்புள்ள,
பெரியப்பா