மார்பகத் தொடுவுணர்வை ஏன் அளக்கிறோம்?

மார்பக அறுவை சிகிச்சைக்கு வரும் பெண்கள் வடுவைப் பற்றிக் கேட்பதுண்டு. தொடுவுணர்வைப் பற்றிக் கேட்கப் பலர் கூச்சப்படுகின்றனர். கூச்சம் வேண்டா, அதுவும் உடல்நலத்தின் ஒரு பகுதியே.

மார்பகத் தோலுக்கு உணர்வளிப்பவை, விலா எலும்புகளுக்கு இடையே ஓடிவரும் நரம்புகளின் கிளைகள். முலைக்காம்புக்கு முதன்மையாக உணர்வளிப்பது நான்காம் விலாவிடை நரம்பு.

இவ்வுணர்வை அளக்க, வெவ்வேறு பருமனுள்ள நைலான் இழைகளைப் பயன்படுத்துகிறோம். ஒவ்வோர் இழையும் குறிப்பிட்ட அழுத்தத்தில் வளையும். நீங்கள் கண்களை மூடியிருக்க, மெல்லிய இழையிலிருந்து தொடங்கித் தோலைத் தொடுவோம். நீங்கள் உணரும் மிக மெல்லிய இழையே அவ்விடத்தின் அளவு. ஊசி இல்லை, வலியும் இல்லை.

இயல்பான உணர்வு எல்லாருக்கும் ஒன்றன்று. ஒரே மார்பகத்திலும் மேற்பகுதித் தோல் மெல்லிய அழுத்தத்தை உணரும். முலைக்காம்பு உணர்வதற்குச் சற்றுக் கூடுதல் அழுத்தம் தேவைப்படலாம். பெரிய மார்பகங்களில் உணர்வு பொதுவாகக் குறைவு. வயதும் முந்தைய அறுவையும் அதை மாற்றக்கூடும். ஆகவே, ஒருவரின் அளவை மற்றவரோடு ஒப்பிடுவதைவிட, அறுவைக்கு முன் எடுத்த அவரது அளவோடு ஒப்பிடுவதே பொருத்தம்.

அறுவையில் நரம்புக் கிளைகள் அறுபட்டால் தோல் மரத்துப்போகலாம். உணர்வு மீளப் பல மாதங்கள் ஆகலாம். சிலருக்கு முழுமையாக மீளாமலும் போகலாம். மரத்த இடம் சூட்டை அறியாது. அங்கே வெந்நீர்ப் பையையோ பனிக்கட்டியையோ வைக்காதீர்கள். தோல் வெந்து புண்ணாகும் வரை உங்களுக்குத் தெரியாமற்போகலாம். நாள்தோறும் கண்ணாடியில் அவ்விடத்தைப் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ தென்பட்டால் உடனே எங்களிடம் வாருங்கள்.