சர்க்கார் பள்ளிக் கட்டிடமும் கண்டிராக்டரின் பொறுப்பும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூடிப் படித்தற்குரிய பாடம்)

வாசுதேவநல்லூரில் பூலித்தேவர் காலத்திலிருந்த கோட்டை மண்ணாலாகியது. யூசுப்கான் படையோடும் பீரங்கிகளோடும் வந்து அதனை முற்றுகையிட்டும் கைப்பற்ற இயலாது திரும்பினான். பொருள் எளியதாயினும் வேலை செவ்வையாக இருப்பின் சுவர் நிற்கும் என்பதற்கு இஃது ஓர் அத்தாட்சி. பொருள் உயர்ந்ததாயினும் வேலை செவ்வையாக இராவிடின் சுவர் நில்லாது என்பதற்கோ நம் காலத்திலேயே துக்ககரமான அத்தாட்சிகள் உண்டு.

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். 2021ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி திருநெல்வேலி நகரில் ஓர் உதவி பெறும் பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர் உயிரிழந்தனர். இவ்விரண்டும் சர்க்கார் கட்டிய கட்டிடங்கள் அல்லவெனினும், அவற்றின் பின்னர் ஏற்பட்ட சட்டதிட்டங்கள் எல்லாப் பள்ளிகளையும் கட்டுப்படுத்துவன. கும்பகோணத்து விபத்தை முன்னிட்டுத் தொடரப்பட்ட வழக்கில், தேசியக் கட்டிட விதித் தொகுப்பில் கண்ட பாதுகாப்பு ஏற்பாடுகள் பள்ளிகளில் இருத்தல் வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. திருநெல்வேலி விபத்திற்குப் பிறகு மாநிலமெங்கும் பள்ளிக் கட்டிடங்கள் சோதிக்கப்பட்டுப் பழுதுற்றவை இடிக்கப்பட்டன. அவ்வாறு இடிக்கப்பட்டவற்றிற்குப் பதிலாகவும், இடப்பற்றாக்குறையைப் போக்கவும் புதிய வகுப்பறைகள் எழுப்பும் பொருட்டு, 2022-23ஆம் ஆண்டில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் 7,000 கோடி ரூபாய் செலவிடுவதாக அத்திட்டம் அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு பொருள் செலவாகும் வேலையில் கண்டிராக்டர் எந்நிபந்தனைகளுக்கு உட்பட்டவர் என்பதைக் கிராமத்தார் அறிந்திருத்தல் அவசியம். அறியாதவர் கேள்வி கேட்க இயலாது. கேள்வி கேட்பாரில்லாத வேலை கெடும்.

1. யார் வரைவது, யார் கட்டுவது

ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் கட்டிட வேலையைப் பெரும்பாலும் ஊரக வளர்ச்சித் துறையின் இன்ஜினீயர்களும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் வேலையைப் பெரும்பாலும் பொதுப்பணித் துறையினரும் நடத்தி வருகின்றனர். வரைபடமும் மதிப்பீடும் துறையினரால் தயாரிக்கப்பெறும். அவ்வரைபடத்தின்படி கட்டிக் கொடுப்பதே கண்டிராக்டரின் கடமை. "ஊரார் கேட்டார்கள், மாற்றினேன்" என்று சொல்லி அஸ்திவாரத்தின் ஆழத்தையோ கம்பியின் பருமனையோ தாமாக மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. மாற்றம் அவசியமாயின் இன்ஜினீயரின் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். ஊராரும் வாய்ச்சொல்லால் மாற்றம் கேட்டல் தகாது. தென்காசி மாவட்டத்தில் மலையடிவாரத்துச் செம்மண்ணும் கிழக்கே கரிசலும் கலந்திருக்கின்றன. மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் கரிசல் நிலத்திற்குரிய அஸ்திவாரம் வேறு, செம்மண்ணிற்குரியது வேறு. ஆதலின் பக்கத்து ஊரின் அஸ்திவாரத்தைக் காட்டி, "இங்கேயும் அவ்வளவு போதும்" என்று சொல்வது பிழையாகும்.

2. டெண்டர் எடுப்பதற்குரிய தகுதி

தமிழ்நாட்டில் சர்க்கார் வேலைகள் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத் தன்மைச் சட்டத்திற்கும், 2000ஆம் ஆண்டின் அதன் விதிகளுக்கும் உட்பட்டவை. இவற்றின் சாரமாவது:

(அ) டெண்டர் யாவரும் அறிய விளம்பரப்படுத்தப்பெறும். இரகசியமாக ஒருவருக்குக் கொடுத்தல் கூடாது.

(ஆ) கண்டிராக்டர் துறையில் முறைப்படி பதிவு செய்திருத்தல் வேண்டும். பதிவில் வகுப்புகள் உண்டு. எத்தொகை வரையில் வேலை எடுக்கலாம் என்பதை அவ்வகுப்பே நிர்ணயிக்கும்.

(இ) டெண்டருடன் முன்வைப்புத் தொகை செலுத்துதல் வேண்டும். அது பொதுவாக வேலையின் மதிப்பில் 100க்கு 1 வீதத்திற்கு மேற்படாதது. வேலை கிடைத்தபின் காப்புத் தொகையும் உண்டு. வேலையைப் பாதியில் விட்டு ஓடுபவர் இவற்றை இழப்பர்.

(ஈ) பெரிய வேலைகளுக்கு இரண்டு உறைகள். முதல் உறையில் தகுதியும் அனுபவமும், இரண்டாம் உறையில் விலையும் இருக்கும். முதல் உறையில் தேறாதவரின் இரண்டாம் உறை திறக்கப்படுவதில்லை.

(உ) தகுதியுடையோருள் குறைந்த விலை கோரியவருக்கே வேலை அளிக்கப்பெறும்.

இவ்விறுதி விதியை அங்கத்தினர் நன்கு சிந்தித்தல் வேண்டும். குறைந்த விலை என்பது பொதுப்பணத்திற்கு நன்மையே. ஆயினும் மதிப்பீட்டிற்கு மிகமிகக் குறைத்துக் கேட்பவர் அக்குறைவை எங்கிருந்து ஈடு செய்வார்? சிமெண்டு விலையும் கம்பி விலையும் அவருக்காக இறங்கிவிடுவதில்லை. மிகக் குறைத்துக் கேட்போரிடம் கூடுதல் காப்புத் தொகை கேட்கும் வழக்கம் இதன் பொருட்டே ஏற்பட்டது. அத்தகைய வேலையை ஊரார் இருமடங்கு கவனிக்க வேண்டும்.

3. பள்ளியில் இருந்தே ஆக வேண்டியவை

2009ஆம் ஆண்டில் நிறைவேறி, 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தொடக்கக் கல்வி அளிக்கும் பள்ளிக் கட்டிடத்திற்கு வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறது: எல்லாப் பருவங்களிலும் தாங்கும் கட்டிடம், ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறை வீதமேனும் அறைகள், தலைமையாசிரியருக்கும் சாமான்களுக்குமாக ஓர் அறை, அங்கஹீனமுற்ற குழந்தைகளும் தடையின்றி ஏறிச் செல்லும் வழி, சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் தனித்தனிக் கழிப்பறை, சுத்தமான குடிநீர், மதிய உணவு சமைக்குமிடம், விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர் அல்லது வேலி. சாய்தளம் ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டடி நீளம் இருத்தல் முறை. அதற்கு மேல் செங்குத்தாக இருப்பின் சக்கர நாற்காலி ஏறாது. அது பெயருக்குப் போட்ட சாய்தளமேயாகும்.

4. வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை

இன்ஜினீயர் தினந்தோறும் வர இயலாது. ஊராரோ தினந்தோறும் அவ்வழியே போகிறவர்கள். ஆதலால் கீழ்க்கண்ட அளவுகளை மனத்திற் பதித்துக் கொள்வது நலம். இவை இந்தியத் தர நிர்ணயத்தின் 456ஆம் எண்ணுள்ள கான்கிரீட் விதித் தொகுப்பில் உள்ளவை.

தண்ணீர்: கம்பி கட்டிய கான்கிரீட்டிற்குக் குறைந்த தரம் 'எம் 20' எனப்படும். கலவை ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. 50 கிலோ மூட்டை ஒன்றுக்குத் தண்ணீர் 30 லிட்டருக்கு மேற்படலாகாது. அதாவது பத்து லிட்டர் வாளியில் மூன்று வாளி. மணல் ஈரமாயிருப்பின் அதனினும் குறைத்தல் வேண்டும். சாந்து எளிதில் ஓடவேண்டுமென்று நான்காவது வாளி ஊற்றுவது வேலையாட்களிடம் உள்ள வழக்கம். அவ்வாளியால் கான்கிரீட்டின் பலம் பெரிதும் குன்றும். ஆலையில் கலந்து லாரியில் வரும் கலவையாயின், இடத்தில் தண்ணீர் சேர்த்தலே கூடாது.

கம்பியின் மூடுகனம்: கம்பிக்கு வெளியே கான்கிரீட் தளத்தில் 20 மில்லிமீட்டரும், தூணில் 40 மில்லிமீட்டரும், அஸ்திவாரத்தில் 50 மில்லிமீட்டரும் குறையாமல் மூடியிருத்தல் வேண்டும். இதற்காகக் கம்பியின் கீழ் கவர் கட்டைகள் வைப்பர். அவையின்றிக் கம்பி பலகையிற் படுத்திருப்பின் சில ஆண்டுகளில் அது துருப்பிடித்து, மேற்கூரைப் பூச்சு பிள்ளைகளின் தலையில் உதிரும்.

சோதனைக் கட்டிகள்: கான்கிரீட் போடும் நாளில் 150 மில்லிமீட்டர் சதுரக் கட்டிகள் மூன்று கொண்ட மாதிரி எடுத்து, 28ஆம் நாள் நசுக்கிப் பார்த்தல் வேண்டும். கட்டியில் தேதி எழுதப்பட்டதா என்பதை யாரும் பார்க்கலாம்.

நனைத்தல்: சாதாரண சிமெண்டாயின் ஏழு நாளேனும், வெயில் கடுமையாயுள்ள உலர்ந்த காலத்தில் பத்து நாளேனும் ஈரம் காயாமல் காத்தல் வேண்டும். கோணிப்பை போட்டு நனைப்பதோ, வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்குவதோ செய்யலாம். காலையில் ஒரு குடம் தெளித்துவிட்டுப் போவது நனைத்தலாகாது.

முட்டுப் பிரித்தல்: நாலரை மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்திற்கு ஏழு நாளும், அதற்கு மேற்பட்டதற்குப் பதினான்கு நாளும் முட்டு நிற்க வேண்டும். உத்திரங்களுக்கு ஆறு மீட்டர் வரை பதினான்கு நாள். அதற்கு மேற்பட்டால் இருபத்தொரு நாள். இருபதடி என்பது ஆறு மீட்டருக்குச் சிறிது அதிகம். ஆகவே இருபதடி இடைவெளியைத் தாங்கும் உத்திரத்தின் முட்டை மூன்று வாரத்திற்கு முன் எடுக்கலாகாது. "பள்ளி திறக்கும் நாள் நெருங்கிவிட்டது, சீக்கிரம் முடி" என்று அவசரப்படுத்துவோர் பெரும்பாலும் ஊராரே. ஒரு வார அவசரத்திற்காக ஐம்பது ஆண்டுக் கட்டிடத்தைக் கெடுத்துக்கொள்ளலாகாது.

5. பணப் பட்டுவாடாவும் அதன் பின்னும்

கண்டிராக்டருக்குப் பணம் முன்கூட்டிக் கொடுபடுவதில்லை. முடிந்த வேலையை அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதி, மேலதிகாரி சரிபார்த்த பின்னரே பில் கொடுபடும். மண்ணுக்குள் மறைந்துபோகும் வேலையை, மூடுவதற்கு முன்னரே அளத்தல் வேண்டும். மூடிய அஸ்திவாரத்தை அளந்தவர் எவருமில்லை. வேலை முடிந்த பிறகும் ஒப்பந்தத்திற் கண்ட காலம் வரை தோன்றும் குறைகளைக் கண்டிராக்டர் தம் செலவிலேயே சரிசெய்யக் கடமைப்பட்டவர். வடகிழக்குப் பருவ மழையில் கூரை ஒழுகினால், ஒழுகிய இடத்தையும் தேதியையும் குறித்து, அக்காலம் முடிவதற்குள் தலைமையாசிரியர் மூலம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காலம் கடந்தபின் செய்யும் புகார் சர்க்கார் செலவில் மராமத்தாகவே முடியும்.

சங்கத்தில் கடன் பெற்று இத்தகைய வேலையில் இறங்கும் அங்கத்தினர், முதல் பில் வரும் வரையில் கூலிக்கும் சாமானுக்கும் கைப்பணம் எவ்வளவு வேண்டுமென்று முன்னரே கணக்கிடுக. கைப்பணம் முட்டிப்போன கண்டிராக்டரே சிமெண்டில் கை வைக்கிறார். செங்கலோ ஜல்லியோ லாரியோ கொடுக்கும் அங்கத்தினரும் எழுத்து மூலமான ஆர்டர் இன்றிக் கொடுத்தல் ஆகாது.

6. சங்கமே கண்டிராக்டராதல்

வேலை செய்கிறவர்களே கூடி ஒப்பந்தம் எடுத்தால் என்ன என்று கேட்கலாம். அது நடவாத காரியமன்று. 1925ஆம் ஆண்டில், அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபார் ஜில்லாவில், வடகரைக்கு அருகே ஊராளுங்கல் என்னும் ஊரில், வாக்படானந்தர் என்ற சீர்திருத்தப் பெரியாரின் ஊக்கத்தால் பதினான்கு பேர் சேர்ந்து கூலித் தொழிலாளரின் பரஸ்பர சகாய சங்கம் ஒன்றை ஏற்படுத்தினர். சீர்திருத்தத்தில் சேர்ந்ததற்காக நிலக்காரர் வேலை மறுத்ததே அதற்குக் காரணம். அச்சங்கம் இன்று ஆயிரக்கணக்கான தொழிலாளருடன் கேரளத்தில் சாலைகளும் பாலங்களும் பெருங்கட்டிடங்களும் கட்டி வருகிறது. அங்கே வேலையாளே உடைமையாளன். ஆதலால் சிமெண்டைக் குறைத்துத் தனியொருவர் இலாபம் அடைய இடமில்லை. ஆயினும் சங்கம் என்ற பெயர் மட்டும் கான்கிரீட்டைக் கெட்டியாக்காது. பதிவு, படித்த இன்ஜினீயர், கிரமமான கணக்கு, குறித்த கூலி ஆகிய எல்லாம் சங்கத்திற்கும் உண்டு.

7. அங்கத்தினர் செய்யத்தக்கவை

கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அங்கத்தினர் பலர் அக்குழுவில் இடம்பெறத் தக்கவரே. வேலை தொடங்குமுன் வரைபடமும் மதிப்பீடும் காட்டும்படி குழு கேட்கலாம். காட்டாவிடில் 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். முப்பது நாளில் பதில் தரப்பட வேண்டும். ஊராட்சியாயின் கிராம சபையிலும் கேட்கலாம். குறை கண்டால் கண்டிராக்டருடன் சண்டையிடுதல் வேண்டாம். தேதியும் அளவும் குறித்து இன்ஜினீயருக்கு எழுதுக. "கண்டிராக்டர் நம் ஊர்ப் பிள்ளை, எப்படிச் சொல்வது" என்னும் தாட்சண்யமே பெரிய தடை. அவர் நம் ஊர்ப் பிள்ளையே. அக்கூரையின் கீழ் உட்காரும் குழந்தைகளும் நம் ஊர்ப் பிள்ளைகளே என்பதை நினைவிற் கொண்டால் சொல்லுதல் எளிதாகும்.

கூட்டத்தில் விடை காண வேண்டிய வினாக்கள்

1. மூட்டை ஒன்றுக்கு மூன்று வாளித் தண்ணீருக்கு மேல் ஏன் ஊற்றலாகாது?
2. இருபதடி உத்திரத்தின் முட்டை எத்தனை நாள் கழித்து எடுக்கலாம்?
3. அஸ்திவாரத்தை மூடுவதற்கு முன் செய்ய வேண்டியது யாது?
4. நம் ஊர்ப் பள்ளிக்குக் குறைநீக்கக் காலம் எத்தேதியில் முடிகிறது? தெரியாவிடில் அதைக் கேட்டு வருபவர் யார்?