துடிப்பு தடுமாறும்போது தட்டணுக்கள் செய்வது என்ன?

தட்டணு என்ற சொல் நம் வீடுகளுக்குள் வந்ததே டெங்குக் காய்ச்சலோடுதான். எண்ணிக்கை குறைந்தால் பயந்துவிடுகிறோம். ஆனால் மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை என்ற சரியான அளவில் இருக்கும்போதே, தட்டணுக்கள் வேண்டாத இடத்தில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறில் அது நடக்கிறது. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் இது தெரியாது.

இந்நோயில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதில்லை. நிமிடத்துக்கு 350 தடவைக்கும் மேல் வெறுமனே நடுங்குகின்றன. இடது மேலறையின் ஓரத்தில் சிறு பை போன்ற ஒரு பகுதி உண்டு. இரத்தம் அங்கே தேங்குகிறது. அந்தத் தேக்கமும், பழுதான உட்சுவரும் சேர்ந்து தட்டணுக்களைத் தூண்டிவிடுகின்றன. ஆனால் கட்டியைப் பின்னி இறுக்குவது ஃபைப்ரின் என்ற நார்ப்புரதமே. அக்கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஆய்வு 1991-இல் காட்டியது.

"எல்லாம் இரத்தத்தை இளக்கும் மாத்திரைதானே, ஆஸ்பிரின் போதும்" என்று சிலர் மாற்றிக்கொள்கிறார்கள். அது தவறு. ஆஸ்பிரின் தட்டணுவை அடக்கும். ஃபைப்ரின் உருவாவதைத் தடுக்காது. வார்ஃபரின் ஒத்துவராத 5,599 நோயாளிகளை வைத்து நடந்த அவெரோஸ் ஆய்வு 2011-இல் வெளியானது. அதில் ஆஸ்பிரின் பெற்றவர்களைவிட அபிக்சபான் பெற்றவர்களுக்குப் பக்கவாதம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. பெரிய இரத்தக்கசிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

ஸ்டென்ட் வைத்தவர்கள் கதை வேறு. அவர்களுக்கு ஆஸ்பிரின் தேவைப்படலாம், அதை மருத்துவரே முடிவு செய்யட்டும். மூட்டுக்காய்ச்சலால் மைட்ரல் வால்வு மிகவும் சுருங்கியவர்களுக்கு இன்றும் வார்ஃபரின் வகை மாத்திரைதான். அவர்கள் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறவிடக் கூடாது; பொதுவாக அது 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

நோன்பு வைக்கும் பெரியவர்கள் மாத்திரை நேரத்தைத் தாமாக மாற்றாமல், ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வேளை தவறினாலும் பாதுகாப்புக் குறையும். ஹிஜாமா செய்துகொள்பவர்களும் இந்த மாத்திரை சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இரத்தம் நிற்கத் தாமதமாகும்.

வீட்டில் 65 வயதைத் தாண்டியவர்களின் மணிக்கட்டில் ஒரு நிமிடம் விரல் வைத்துப் பாருங்கள். தாளம் தப்பித் தப்பி அடித்தால் இ.சி.ஜி. எடுக்க அழைத்துப் போங்கள்.