நமக்கு நாமே அடிக்கும் மணி



இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தரும்படி நம் சிஸ்டர் எங்களைக் கேட்டது பள்ளி திறந்த ஜூன் மாதத்தில். "இதோ எழுதிவிடுகிறோம், சிஸ்டர்" என்று மூவரும் ஒரே குரலில் சொன்னோம். அவர்கள் மூன்றாம் முறை ஆள் அனுப்பிக் கேட்ட பிறகுதான் பேனாவைத் தொட்டோம். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பொருளோ, படிப்பைத் தள்ளிப்போடும் பழக்கத்தை வெல்வது எப்படி என்பது! ஆகவே, அப்பழக்கத்தை வென்றுவிட்டோம் என்று பெருமை பேச எங்களுக்குத் தகுதி இல்லை. மூன்றாண்டுகளாக அதனோடு போராடி வருகிறோம் என்ற உரிமையில் மட்டும் எழுதுகிறோம்.

நாங்கள் மூவரும் சாத்தாங்காட்டுப் பிள்ளைகள். இப்பள்ளியில் ஒரே வகுப்பில் படித்து, இப்போது ஒரே கல்லூரியில் வணிகவியல் இறுதியாண்டு பயில்கிறோம். எங்களில் இருவருடைய அப்பாக்கள் இரும்பு எஃகுச் சந்தையில் வேலை செய்கிறார்கள். எங்கள் மூன்று வீடுகளிலும் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவர்கள் நாங்களே.

மணி ஓய்ந்த இடம்

பள்ளியில் படித்த நாளில் நமக்காக மணி அடிக்க ஆள் இருந்தது. காலை வழிபாட்டிற்கு ஒரு மணி, பாடவேளைக்கு ஒரு மணி, மாலைத் தனிப்படிப்பிற்கு ஒரு மணி. திங்களன்று சிறுதேர்வு, மாதம்தோறும் மாதத்தேர்வு. மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையொப்பம் இல்லாவிட்டால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். இவற்றையெல்லாம் அப்போது தொல்லை என்றே எண்ணினோம்.

கல்லூரியில் சேர்ந்ததும் அந்த மணி ஓய்ந்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் பொதுவாக ஒவ்வொரு தாளிலும் 25 மதிப்பெண் அகமதிப்பீட்டிற்கு உரியது. மீதி 75 பருவத் தேர்வுக்கு உரியது. வருகை குறைந்தால் கேட்பார்கள். ஆனால், "நேற்று நடத்திய பாடத்தைப் படித்தாயா?" என்று நாள்தோறும் கேட்பவர் ஒருவரும் இல்லை. ஜூலையில் தொடங்கும் பருவத்திற்கு நவம்பரில் தேர்வு. நான்கு மாதங்கள் கைநிறைய இருப்பதாகத் தோன்றும். அந்தத் தோற்றத்தில்தான் நாங்கள் ஏமாந்தோம்.

முதல் பருவத்தின் கதை

நிதிநிலைக் கணக்கியல் என்ற தாள் எங்களுக்கு முதல் பருவத்திலேயே வந்தது. பள்ளியில் 'தேய்மானம்' என்று தமிழில் படித்ததுதான், அங்கே 'டிப்ரிசியேஷன்' என்ற பெயரோடு ஆங்கிலப் புத்தகத்தில் இருந்தது. புத்தகத்தைத் திறந்தாலே மனம் திடுக்கிடும். உடனே மூடி வைத்து, "ஆயுத பூஜை விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்" என்போம். விடுமுறை வந்தால், "தீபாவளி கழியட்டும்" என்போம். படிக்காமலும் இருக்கவில்லை, தமிழ்த் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தோம். மூன்று வண்ணங்களில் மையிட்டுக் கால அட்டவணை எழுதினோம். சுவரில் ஒட்டிய பிறகு அதைப் பார்க்கவே இல்லை.

தேர்வுக்கு முன் பத்து நாள் விடுமுறை கிடைத்தது. முதன்மையான தாள்கள் ஐந்து. தாளுக்கு ஐந்து அலகுகள். ஆக 25 அலகுகள். பருவத்தின் 90 வேலை நாள்களிலும் படித்திருந்தால் ஓர் அலகிற்கு மூன்று நாளுக்கு மேல் கிடைத்திருக்கும். பத்து நாளில் படித்ததால் நாளொன்றுக்கு இரண்டரை அலகுகளை விழுங்க வேண்டியதாயிற்று. மூன்றாம் வகுப்பு வகுத்தல் கணக்குதான் இது. ஆனால், நாங்கள் இதைப் போட்டுப் பார்த்தது தேர்வு முடிவு வந்த பிறகு.

எங்களில் ஒருத்தி மயிரிழையில் தேறினாள். இருவருக்குக் கணக்கியலில் அரியர் விழுந்தது. ஒருத்தியின் வீட்டில் தாய்மாமன் வந்து உட்கார்ந்து, "பெண்பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை என்று தெரிந்துவிட்டதே, அக்கா. இனி நல்ல இடமாகப் பார்க்க வேண்டியதுதான்" என்றார். தங்கைகளே, இதுதான் எங்கள் பகுதியில் ஓர் அரியரின் விலை. வேறிடத்தில் அது ஒரு தாள். எங்கள் தெருவில் அதுவே படிப்பை நிறுத்தப் போதுமான காரணம்.

சோம்பலா, அச்சமா?

திருவள்ளுவர் மடியின்மை அதிகாரத்தில், கெட்டுப்போகும் இயல்புடையோர் விரும்பி ஏறும் மரக்கலம் ஒன்றைக் காட்டுகிறார். காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், அளவற்ற தூக்கம் ஆகிய நான்குமே அக்கலம். துறைமுகத்தருகே வாழும் நமக்கு இவ்வுவமை நன்றாகவே விளங்கும். நான்கில் காலம் நீட்டித்தலை முதலில் வைத்து, சோம்பலைத் தனியே எண்ணியிருப்பது கவனிக்கத்தக்கது. இரண்டும் ஒன்றல்ல. விடியற்காலையில் தண்ணீர் பிடித்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பி, இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்குப் போகும் பெண்ணைச் சோம்பேறி என்று யார் சொல்லக்கூடும்? அவள் தள்ளிப்போடுவது வேலையை அன்று. தனக்கு வராது என்று அஞ்சும் அந்த ஒரு பாடத்தைத்தான். புத்தகத்தை மூடியதும் அச்சம் சிறிது தணிகிறது. அந்தச் சிறு நிம்மதிக்காகவே மறுநாளும் மூடுகிறோம்.

இந்நிம்மதி கடன் வாங்கியது என்பதை 1997ஆம் ஆண்டு டைஸ், பாமைஸ்டர் என்னும் இரு அமெரிக்க உளவியல் அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பருவத்தின் தொடக்கத்தில், தள்ளிப்போடும் மாணவர்கள் மற்றவர்களைவிடக் கவலையின்றி இருந்தார்கள். பருவத்தின் இறுதியிலோ அவர்களுக்கே கவலையும் மிகுதி, நோயும் மிகுதி. மதிப்பெண் மட்டும் குறைவு. எங்கள் நவம்பர் மாதத்தைப் படம் பிடித்தது போல் இருக்கிறது அன்றோ?

"இராமானுஜனே தவறினாரே!"

அரியர் விழுந்தவர்கள் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் ஒன்று உண்டு. "கணிதமேதை இராமானுஜனே கல்லூரித் தேர்வில் தவறினாரே!" நாங்களும் சொன்னோம். பிறகு அவர் வரலாற்றைத் தேடிப் படித்தோம்.

1904ஆம் ஆண்டு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர் அவர். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்தார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1907இல் எஃப்.ஏ. தேர்வு எழுதி அதிலும் தவறினார். அதன்பின் பட்டம் இன்றி, வறுமையில் ஆண்டுகள் கழிந்தன. 1912 மார்ச் முதல் நாள் நம் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1913இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதிய பிறகே அவருடைய வாழ்வு திரும்பியது.

இதைப் படித்தபின் எங்கள் ஆறுதல் எங்களைவிட்டுப் போய்விட்டது. அவர் மற்றப் பாடங்களைக் கைவிட்ட நேரத்தில் குறிப்பேடு குறிப்பேடாகக் கணிதம் எழுதினார். நாங்கள் கணக்கியலைக் கைவிட்ட நேரத்தில் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலும், அத்தகைய மேதைக்கும் தேர்வு விதி வளைந்து கொடுக்கவில்லை. விரும்பாத பாடத்தை விட்டதற்கு அவரும் பல ஆண்டுகளை விலையாகக் கொடுத்தார். நமக்கு மட்டும் அது வளையுமா?

நாங்கள் கைக்கொண்ட வழி

இரண்டாம் பருவம் தொடங்கியதும் மூவரும் கூடிப் பேசினோம். மணி அடிக்க ஆளில்லை என்றால் நாமே அடித்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். நாங்கள் கண்ட பயனை ஒவ்வொன்றாகக் கூறுகிறோம்.

முதலாவது, நேரமும் இடமும். "இன்று படிப்பேன்" என்பது போதாது. "இரவு ஏழு மணிக்கு, மாடிப்படியில், கணக்கியல்" என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஜெர்மனியில் கோல்விட்சர், பிராண்ட்ஷ்டேட்டர் என்போர் 1997இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கிறிஸ்துமஸ் முந்தின இரவை எப்படிக் கழித்தோம் என்று இரண்டு நாளுக்குள் எழுதித் தரும்படி மாணவர்களைக் கேட்டிருந்தார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்பே குறித்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எழுதி முடித்தார்கள். அப்படிக் குறிக்காதவர்களில் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினரே.

இரண்டாவது, சிறு சுமை. எங்களில் ஒருத்தி, "புத்தகத்தைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது, அப்பா" என்று அழுதபோது அவள் தந்தை சொன்னார்: "லாரி நிறையக் கம்பி ஏற்றுகிறோமே, கிரேன் அதை ஒரே தூக்காகவா தூக்குகிறது? ஒரு கட்டு, அடுத்தது ஒரு கட்டு. நீ ஏன் அம்மா லாரியைத் தூக்கப் பார்க்கிறாய்?" அன்று முதல் எங்கள் 'கட்டு' இருபத்தைந்து நிமிடம், ஒரே ஒரு கணக்கு. அது முடிந்தால் எழுந்து போகலாம் என்பது விதி. பெரும்பாலும் எழுந்து போகத் தோன்றாது. தொடங்குவதே கடினம், தொடர்வது அவ்வளவு கடினமன்று.

மூன்றாவது, அஞ்சும் பாடமே முதலில். மனம் தெளிவாக இருக்கும் முதல் அரைமணி கணக்கியலுக்கு. தமிழுக்குக் கடைசி அரைமணி. அந்நேரத்தில் செல்பேசி அம்மாவிடம் இருக்கும்.

நான்காவது, பிரித்துப் படித்தல். வள்ளுவர் கூறிய கலத்தில் காலம் நீட்டித்தலுக்கு அடுத்து நிற்பது மறதி. ஜெர்மானிய அறிஞர் எபிங்கவுஸ் 1885இல் வெளியிட்ட நூலில் தம் நினைவையே சோதித்துப் பார்த்த கணக்கைத் தந்துள்ளார். பொருளற்ற அசைகளை ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாள்களில் பிரித்து 38 முறை ஓதியே அவர் பெற்றார். கடைசி இரவில் விழித்துப் படிப்பவர் ஏறத்தாழ இரட்டிப்பு உழைப்பு உழைக்கிறார் என்பதே இதன் பொருள்.

ஐந்தாவது, சனிக்கிழமை மணி. இதுவே எங்களைக் காப்பாற்றியது எனலாம். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் ஒருத்தி வீட்டு மொட்டைமாடியில் கூடுவோம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒருவரையொருவர் கேள்வி கேட்போம். படிக்காமல் வந்தவள் அன்று மற்ற இருவருக்கும் டீ போட வேண்டும். இவ்வழிக்கும் ஆய்வின் துணை உண்டு. ரோடிகர், கார்பிக் என்போர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்கள் ஒரு வாரத்திற்குப் பின் 40 விழுக்காடு நினைவு கூர்ந்தார்கள். ஒருமுறை படித்து, மூன்று முறை பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் 61 விழுக்காடு நினைவு கூர்ந்தார்கள். இப்போது எண்ணிப் பார்த்தால், அன்று நாம் முணுமுணுத்த திங்கட்கிழமைச் சிறுதேர்வு இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

ஏப்ரல் தேர்வில் ஒருத்தியின் அரியர் தீர்ந்தது. மற்றொருத்திக்கு அடுத்த நவம்பர் வரை ஆயிற்று. அதற்குள் தாய்மாமன் இருமுறை வந்து போனார். அவள் அம்மாதான், "இன்னும் ஒரு பரீட்சை பார்ப்போம், தம்பி" என்று உறுதியாக நின்றார்கள். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் இன்று இக்கட்டுரையை இருவர்தாம் எழுதிக்கொண்டிருப்போம்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்

இம்மலரைப் படிக்கும் பெற்றோர்களே, உங்கள் வீடு சிறியது என்பதை அறிவோம். இரவெல்லாம் டிரெய்லர் வண்டிகள் ஓயாத சாலை எங்கள் வீட்டு வாசலிலும் உண்டு. தனி அறை கேட்கவில்லை. நாளில் ஒரு மணி நேரம், ஒரே நேரம், பெண்ணைக் கடைக்கும் குழாயடிக்கும் அனுப்பாமல் விட்டுவிடுங்கள். தொலைக்காட்சியின் ஒலியைச் சற்றுக் குறையுங்கள். பாடம் புரியவில்லை என்று அவள் சொன்னால், "படிப்பு ஏறவில்லை" என்று தீர்ப்புக் கூறாதீர்கள். அத்தீர்ப்புக்கு அஞ்சித்தான் அவள் புத்தகத்தையே திறவாமல் இருக்கிறாள்.

முடிவுரை

வெட்டவெளியில் கிடக்கும் இரும்பை உப்புக்காற்று ஒரே இரவில் தின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு நாளும் சிறிது தின்கிறது. ஒருநாள் தொட்டால் பொடியாகிறது. "நாளை" என்ற சொல்லும் அப்படியே. அதைத் துடைப்பதும் ஒரே நாளில் ஆகாது. நாள்தோறும் சிறிது துடைக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு இப்பள்ளியைவிட்டுச் செல்லும் தங்கைகளே! இங்கு அடிக்கும் மணி வாசலோடு நின்றுவிடும். அதன் ஓசையையாவது உடன் எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்கு மிகவும் அச்சம் தரும் பாடம் எது? இம்மலரை மூடி வைத்துவிட்டு, அதில் ஒரு பக்கம் மட்டும் இன்றே படியுங்கள். நாங்களும் எழுந்திருக்க வேண்டும். இன்று சனிக்கிழமை, எங்கள் மணி அடிக்கும் நேரம். இவ்வாரம் டீ போட வேண்டியவள் யார் என்பதை மட்டும் கேட்காதீர்கள்!