மேட்டூர் மூடுமுன் வடுவூர், மூடியபின் மலை

சித்திரை வெயில் ஏறிவிட்டால் திருவாரூரில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: லீவுக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துப்போவது? கொடைக்கானலா, ஊட்டியா, ஏற்காடா? மலை இருக்க வேண்டும், ஏரி இருக்க வேண்டும், படகு விட வேண்டும். பிள்ளைகளின் ஆசையில் நியாயம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து அவர்கள் பார்த்தது எல்லாம் சமதளம். ஊரில் அண்ணாந்து பார்க்க வைப்பவை தியாகராஜர் கோயில் கோபுரமும், திருவிழாவில் அலங்காரத்தோடு 96 அடிக்கு நிமிரும் ஆழித்தேரும்தான். தெற்கே கோடிக்கரை வரை போனாலும் அங்கே உயர்ந்த இடம் என்று காட்டுவது ராமர் பாதம் இருக்கும் மணல்மேட்டைத்தான். நாலு எட்டு வைத்தால் உச்சி வந்துவிடும்.

யார் வந்து என்னிடம் யோசனை கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: எந்த லீவுக்கு? முழுப்பரீட்சை லீவுக்கா, அரைப்பரீட்சை லீவுக்கா? ஊரை அப்புறம் முடிவு செய்யலாம். நம் பக்கத்து ஏரிகளும் மலை ஏரிகளும் ஒன்றுக்கொன்று நேரெதிரான பருவத்தில் அழகாக இருப்பவை. இதைக் கவனிக்காமல் கிளம்பியதால் பணமும் செலவாகி, பிள்ளைகள் முகமும் வாடித் திரும்பிய குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காரணம் எளிது. கொடைக்கானல் ஏரி பார்ப்பதற்கென்றே உருவான ஏரி. மதுரையில் கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைக்குக் கரை கட்டித் தேக்கினார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார். ஊட்டி ஏரியும் ஜான் சல்லிவன் 1820-களில் உருவாக்கியது. நம் வடுவூர் ஏரி அப்படியில்லை. அது வயலுக்குப் பாய்ச்சுகிற ஏரி. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும். கல்லணையைத் தாண்டி வாய்க்கால் வாய்க்காலாக வரும் தண்ணீரும் வடகிழக்கு மழையும் சேர்ந்தால்தான் அது ஏரி. சம்பா கதிர் முற்றி அறுவடையாகிற வரைக்கும் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மே மாதம் அங்கே போய் நின்றால் பாளம் பாளமாக வெடித்த களிமண்ணும் மேயும் ஆடுகளும்தான் இருக்கும். அதே ஏரியை மார்கழிக் காலையில் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

ஆகவே என் கணக்கு இது: அரைப்பரீட்சை லீவும் பொங்கல் லீவும் நம் மண்ணுக்கு, முழுப்பரீட்சை லீவு மலைக்கு.

குளிர்கால லீவில் நமக்கு மூன்று இடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மூன்றையும் ஒரே நாளில் அடைக்கப் பார்க்காதீர்கள்.

கைக்குழந்தையும் முட்டி வலிக்கிற பெரியவர்களும் உள்ள வீடு என்றால் வடுவூர்தான். மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூர்ச் சாலையில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். 1999-ல் பறவைகள் சரணாலயமானது; 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சுமார் 128 ஹெக்டேர். ஏறவேண்டியது ஒன்றுமில்லை, கரையோரம் மெல்ல நடந்தால் போதும். கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், தூர தேசத்திலிருந்து வரும் ஊசிவால் வாத்து எல்லாம் இருக்கும். ஒருமுறை என் மகள் ஒரு நாரையைக் காட்டி, “அப்பாயி, அதுக்கு ஏன் வாயை மூடவே முடியலை?” என்று கேட்டாள். “அது நத்தைகுத்திடி தங்கம். நம்ம வயல்ல இருக்கற நத்தையை அந்தச் சந்துல கவ்வித்தான் திங்கும்” என்றார் என் அம்மா. நாற்று நட்டுக் கை மரத்தவர் அவர். பறவைப் புத்தகம் எதையும் திறந்தவரில்லை. அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள், அவர்களைவிட நல்ல வழிகாட்டி கிடைக்க மாட்டார். விடிந்ததும் போய்விட வேண்டும், அல்லது நாலு மணிக்கு மேல் போக வேண்டும். நடுப்பகலில் பறவைகள் இரைதேடப் போய்விடும். வாடகைக்கோ இரவலாகவோ ஒரு பைனாகுலர் மட்டும் தேடிக்கொள்ளுங்கள்.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் இருந்தால் நான் முத்துப்பேட்டைக்குத்தான் அனுப்புவேன். ஊட்டிப் படகுத்துறையில் வரிசையில் நின்று அரைமணி நேரம் பெடல் மிதிப்பதைவிட, கோரையாற்றில் படகேறி அலையாத்திக்காட்டுக்குள் புகுந்து லகூன் எனும் கடற்கழி வரை போய்வருவது எத்தனையோ மடங்கு பெரிய அனுபவம். இது நம் பக்கம் என்பதற்காகச் சொல்லவில்லை. ஆறு அகன்றுகொண்டே போகும், இரு கரையிலும் பச்சைச் சுவர் போல மரங்கள். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை வேர்கள். காற்றில்லாத சேற்றில் மரம் மூச்சுவிடுவது அவற்றின் வழியாகத்தான். அலையாத்தி இலையைப் பிள்ளையின் நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியே தள்ளுகிற மரம் அது. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்ததை நாக்கில் தெரிந்துகொண்ட பிள்ளை அதை எந்தப் பரீட்சையிலும் தப்பாக எழுதாது. பிறகு மரங்கள் விலகி லகூன் திறக்கும். கண் எட்டும் வரை தண்ணீர், ஆழம் மட்டும் குறைவு. காவிரியின் கடைசிக் கிளைகளான பாமணியாறும் கோரையாறும் கடலோடு கைகோக்கும் இடம் இது. நம் வாய்க்கால் தண்ணீர் எங்கே போய் முடிகிறது என்று பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை.

ஆனால் இதற்குக் கொஞ்சம் ஏற்பாடு வேண்டும். காடு வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. அனுமதிக்கும் படகுக்கும் முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். காலையிலேயே படகேறிவிடுங்கள். தலைக்குத் துண்டு, குடிக்கத் தண்ணீர், சாப்பாடு எல்லாம் வீட்டிலிருந்தே போக வேண்டும். உயிர்காப்புச் சட்டை அணியாமல் எந்தக் குழந்தையையும் படகில் ஏற்றாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் இந்தப் பக்கம் வரவே கூடாது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இந்தக் காட்டைப் புரட்டிப்போட்டதை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். மார்கழி பிற்பாதியும் தை மாதமும்தான் சரியான காலம். திரும்பும் வழியில் திருத்துறைப்பூண்டிச் சாலையில் உதயமார்த்தாண்டபுரம் ஏரியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வரலாம். அதுவும் பறவைகள் சரணாலயம்தான்.

கோடிக்கரை மூன்றாவது. தூரம் அதிகம், விடியற்காலையில் புறப்பட வேண்டும். வெளிமான் கூட்டமும் பூநாரையும் பார்க்க ஆசைப்படுகிற, அலைச்சலுக்கு அஞ்சாத குடும்பத்துக்கு அது. வழியில் வேதாரண்யத்தில் உப்பளங்களையும், 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பள்ளிய கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பொன்னியின் செல்வன் படித்த பிள்ளை என்றால் கோடிக்கரை என்று பெயர் சொன்னதுமே வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடும்.

இனி கோடைக்கு வருவோம். மே மாதம் நம் ஊரில் நிழலில் நின்றாலும் வேர்க்கும். அப்போது மலைக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது. இங்கேயும் வீட்டில் யார் யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தே இடம்.

இரண்டு நாள்தான் அவகாசம், செலவும் கையைக் கடிக்கக் கூடாது என்றால் ஏற்காடு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் மலை ஏறிவிடும். சுமார் 5,000 அடி உயரம். ஏரி சிறியது, ஊரின் நடுவிலேயே இருக்கிறது. பெரியவர்கள் கரையில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் படகில் போய்வரலாம். காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் நெல்லை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் புதுசு. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: மே மாதப் பகலில் ஏற்காட்டிலும் வெயில் உறைக்கும். குளுமை மாலையில்தான் இறங்கும். கிளியூர் அருவியில் அப்போது தண்ணீரை எதிர்பார்க்காதீர்கள்.

மூன்று நாளுக்குக் குறையாமல் தங்க முடிந்தால் கொடைக்கானல். ஏழாயிரம் அடி உயரம் என்பதால் மே மாதத்திலும் ஸ்வெட்டர் வேண்டும். அங்கே போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒரே நாளில் பதினைந்து இடம் காட்டுகிறேன் என்று கூப்பிடும் வண்டியில் ஏறிவிடுவது. குணா குகையை எட்டிப் பார்த்து, தூண் பாறையில் போட்டோ எடுத்து, வண்டியிலேயே பொழுது போய்விடும். ஒரு முழுநாளை ஏரிக்கே கொடுங்கள். சுற்றளவு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். வாடகை சைக்கிள் எடுத்து அப்பாவும் பிள்ளைகளும் ஒரு சுற்று, பிறகு துடுப்புப் படகு. மறுநாள் காலை பனி விலகும்போது கோக்கர்ஸ் வாக்கில் நடந்துவிட்டு, 1899-ல் அமைந்த, சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் வானாய்வகத்துக்குப் போகலாம். குறிஞ்சி பூக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். 2018-ல் பூத்தது, அடுத்தது 2030-ல்.

ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளை இருந்தால் மட்டும் ஊட்டி. மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரத்தால் பற்றிக்கொண்டு ஏறும் நீலகிரி மலை ரயில் 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். 46 கிலோமீட்டரில் 16 குகைப்பாதைகள். மன்னார்குடியிலிருந்து புறப்படும் செம்மொழி விரைவு வண்டியில் இரவு நீடாமங்கலத்தில் ஏறினால் கோவையில் இறங்கி மேட்டுப்பாளையம் போய்விடலாம். மலை ரயிலுக்கு வெகு முன்பே முன்பதிவு செய்தவர்கள் கிளம்பலாம், டிக்கெட் கிடைக்காதவர்கள் திட்டத்தை மாற்றிவிடுங்கள். ரயில் இல்லாத ஊட்டிக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வந்த முறை. 2025 கோடையில் கொடைக்கானலுக்குச் சாதாரண நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். கிளம்புமுன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு விஷயம், மலை வளைவு. நேர் ரோட்டிலேயே பழகிய நம் பிள்ளைகளுக்குக் கொடைக்கானல் வழியில் வத்தலக்குண்டு தாண்டியதும் குமட்ட ஆரம்பிக்கும். வயிறு முட்ட இட்லி கொடுத்து ஏற்றாதீர்கள். முன் சீட்டில் உட்காரவைத்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டே வரச்சொல்லி, வாயில் ஒரு நெல்லிக்காயை ஒதுக்கச் சொல்லுங்கள். வெள்ளியருவிப் பக்கம் பத்து நிமிடம் இறங்கி நின்றால் மீதித் தூரம் தாங்கும். 70 வளைவுகள் உள்ள கொல்லிமலையை, அதனால்தான், சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு நான் சொல்வதில்லை. அங்கே ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். காலேஜ் படிக்கிற பிள்ளைகள் போகட்டும்.

இந்த வருடம் எங்கேயும் போக வழியில்லை என்கிற வீடுகளும் உண்டு. அறுப்புக் காசு வந்து கடனுக்குப் போய்விட்ட வருடங்கள் எங்களுக்கும் இருந்திருக்கின்றன. அப்படியானால் ஒரு மாலை எல்லோரும் தியாகராஜர் கோயிலின் கமலாலயக் குளத்துக்குப் போங்கள். கோயில் ஐந்து வேலி, குளமும் ஐந்து வேலி என்பது ஊர்க்கணக்கு. நடுவில் நாகநாதர் கோயில். படகில்தான் போக வேண்டும். ஒரு தூக்கில் புளியோதரை எடுத்துக்கொண்டு ஆறு மணிக்கு மேற்குக் கரைப் படியில் உட்காருங்கள். வெயில் தாழ்ந்து, குளத்தைத் தாண்டி எதிரே கோபுரம் சிவந்து, விளக்கு ஏற்றுகிற வரைக்கும் யாரும் எழுந்திருக்க வேண்டாம்.