நாளுக்கொரு பாசுரம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ நாட்களில் எம்பெருமான் திருவீதியில் எழுந்தருளும்போது முன்னே அருளிச்செயல் கோஷ்டியும் பின்னே வேதபாராயண கோஷ்டியும் செல்வதைச் சேவார்த்திகள் கண்டிருப்பர். தமிழ்மறையின் பின்னே எம்பெருமான் விரும்பிச் செல்கிறான். வடமொழி வேதமோ அவனைத் தேடிப் பின்தொடர்கிறது என்று பெரியோர் இதற்குப் பொருள் கூறுவர். கோஷ்டியில் பாசுரங்கள் வெள்ளமெனப் பெருகிவரும். கேட்போர் கைகூப்புவர், தெரிந்த அடி வரும்போது சிலர் உடன்சொல்வர். உத்ஸவம் நிறைவுற்றதும் அவரவர் தம் ஊர் திரும்புவர். ஆண்டின் மற்ற நாட்களில் அப்பாசுரங்கள் அவர்களிடத்தில் எவ்வாறு இருக்கின்றன என்பதே இங்குச் சிந்திக்கத்தக்கது. இல்லத்து அலமாரியில் புத்தகமாக மட்டும் அவை இருக்குமாயின், அருகில் இருந்தும் தொலைவில் இருப்பனவே ஆகும்.

ஒரு சொல்லைக் கேட்ட செவி

நாலாயிர திவ்யப்ரபந்தம் ஒரு காலத்தில் வழக்கொழிந்து மறைந்திருந்தது என்பதைக் குருபரம்பரை வரலாறு கூறுகின்றது. அதனை மீட்டுத் தந்தவர் ஸ்ரீமந் நாதமுனிகள். கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளில், இன்று காட்டுமன்னார்கோயில் என வழங்கும் வீரநாராயணபுரத்தில் மன்னனார் ஸந்நிதியில் கைங்கர்யம் செய்து வாழ்ந்தவர் அவர்.

ஒருநாள் வெளியூரிலிருந்து வந்த ஸ்ரீவைஷ்ணவ யாத்ரிகர்கள் சிலர், திருக்குடந்தை ஆராவமுதன் விஷயமான திருவாய்மொழிப் பதிகத்தை ஸந்நிதியில் ஸேவித்தனர். பதிகத்தின் நிறைவுப் பாசுரத்தில், ஆயிரம் பாசுரங்களுள் இவை பத்து என்னும் பொருள்பட ஒரு தொடர் வருகின்றது. அதனைச் செவியுற்ற நாதமுனிகள், எஞ்சியவை எங்கே என்று வினவினார். தாங்கள் அறிந்தது இப்பத்தே என்று வந்தவர்கள் விண்ணப்பித்தனர். அவ்வொரு வினாவைப் பற்றிக்கொண்டு அவர் திருக்குடந்தைக்கும், பின்னர் திருக்குருகூருக்கும் சென்றார். அங்கே மதுரகவிகளின் வழிவந்த பராங்குசதாஸரிடம் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பெற்று, அதனைப் பன்னீராயிரம் உரு அநுஸந்தித்து, நம்மாழ்வாருடைய அருளால் நாலாயிரமும் பெற்றார் என்பது வரலாறு.

இதில் உணரவேண்டியவை இரண்டு. பத்துப் பாசுரங்களையேனும் விடாது பாடிவந்த யாத்ரிகர்கள் இல்லாவிடில், நாதமுனிகளின் செவிக்கு ஒன்றும் எட்டியிராது. அந்தப் பழக்கம் பாசுரத்தைச் சுமந்து வந்தது. ஆயினும் பலகாலம் பாடிவந்தவர்களிடத்து எழாத வினா, ஒருமுறை ஊன்றிக் கேட்டவரிடத்து எழுந்தது. அந்த ஊன்றுதலே மறைந்த பொருளைத் திறந்து தந்தது. பழக்கமின்றிக் கவனம் நில்லாது. கவனமின்றிப் பழக்கம் வெறும் நாவசைவாகிவிடும். நித்யாநுஸந்தானம் என்று முன்னோர் வகுத்தது இவ்விரண்டும் கூடியதேயாம்.

கேட்டலும் எண்ணுதலும்

ச்ரவணம், மனனம், நிதித்யாஸனம் என்று ப்ருஹதாரண்யக உபநிஷத் காட்டும் மூன்று படிகளை அறிஞர் அறிவர். கேட்டல், கேட்டதைச் சிந்தித்தல், சிந்தித்ததில் இடைவிடாது தோய்ந்திருத்தல் என்பன அவை. குருகுலம் முடித்துச் செல்லும் மாணவனுக்குத் தைத்திரீயத்தில் ஆசார்யன் கூறும் உபதேசங்களுள், ஓதுதலினின்று வழுவாதே என்பதும் ஒன்று. கற்றது முடிந்தபின்னும் ஓதுவானேன் எனில், ஓதும்தோறும் கற்பது புதிதாக இருப்பதனால் என்க.

இதற்குத் தக்க சான்று ஈடு என்னும் வ்யாக்யானம். திருவரங்கத்தில் நம்பிள்ளை பகலில் ஸாதித்த திருவாய்மொழிப் பொருளைச் செவியுற்ற வடக்குத் திருவீதிப் பிள்ளை, கேட்டவற்றையெல்லாம் இரவில் நினைவிற் கொணர்ந்து ஏடுபடுத்தினார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. 32 எழுத்துக் கொண்டது ஒரு படி. 1102 பாசுரங்களுக்கு 36,000 படியெனில், நான்கடிப் பாசுரம் ஒன்றிற்குச் சராசரியாக 32 படிக்கு மேல் ஆகின்றது. பெரியோர் ஒரு பாசுரத்தில் எத்தனை நேரம் நின்றனர் என்பதை இக்கணக்கே உணர்த்தும்.

நடையோடு கலந்த பாசுரம்

எம்பெருமானாருக்குத் திருப்பாவை ஜீயர் என்ற திருநாமம் உண்டு. மாதுகரத்திற்கு எழுந்தருளும்போது திருப்பாவையை அநுஸந்தித்துக்கொண்டே வீதியில் நடப்பது அவருடைய வழக்கம். ஒருநாள் ஆசார்யர் ஒருவருடைய திருமாளிகை வாசலை அடைந்தபோது, நப்பின்னைப் பிராட்டியை வளையொலிக்க வந்து கதவு திறக்குமாறு ஆய்ச்சியர் வேண்டும் பதினெட்டாம் பாசுரம் நிறைவெய்தியது. அதே கணத்தில் அவ்வாசார்யருடைய திருமகளார் கைவளை ஒலிக்கக் கதவைத் திறந்தார். அவரைப் பிராட்டியாகவே கண்ட எம்பெருமானார் அவ்விடத்திலேயே மூர்ச்சித்து விழுந்தார். செய்தி கேட்டு வந்த ஆசார்யர், இன்ன பாசுரத்தை அநுஸந்தித்து வந்தீர் போலும் என்று உடனே உணர்ந்துகொண்டார்.

அன்று திறந்தது எவ்வில்லத்திலும் திறக்கும் கதவு. ஒலித்தது எப்பெண்ணின் கையிலும் ஒலிக்கும் வளை. நாள்தோறும் ஓதிய பாசுரம் உள்ளே நிறைந்திருந்தமையால், புறத்தே நிகழ்ந்த எளிய செயல் அவருக்குப் பாசுரத்தின் பொருளாகவே தோன்றிற்று. அந்நிலை நமக்கு எட்டாததாயினும், அது செல்லும் வழி நமக்கும் உரியதே.

கண்ணுக்குரிய பாடம்

ஸந்நிதியில் நெடுநேரம் காத்து நிற்கும் சேவார்த்தி, எம்பெருமான் திருமுன் வந்தவுடன் கண்களை மூடிக்கொள்வதுண்டு. அல்லது எதனைக் கண்டோம் என்று அறியுமுன் நகர்ந்து செல்ல நேர்வதுண்டு. இவர்களுக்கென்றே அமைந்தது போன்றது திருப்பாணாழ்வார் அருளிய அமலனாதிபிரான். பாசுரங்கள் பத்தே. திருவடியில் தொடங்கும் ஆழ்வாருடைய நோக்கு, திருப்பீதாம்பரம், திருநாபி, உதரபந்தனம், திருமார்பு, திருக்கண்டம், திருவாய், திருக்கண்கள், திருமேனி என்று ஒவ்வொன்றாக ஏறிச் செல்கின்றது. பத்தாம் பாசுரத்தில், இதனைக் கண்ட கண்கள் பிறிதொன்றைக் காணா என்று முடிகின்றது.

காவிரிக் கரையில் வெளியே நின்றே பாடிவந்த அவ்வாழ்வார், திருவரங்கத்துள் புகுந்து ஸேவித்தது ஒரே ஒருமுறை. அவருக்குக் கிடைத்ததும் ஒரு ஸேவையே. நமக்குக் கிடைப்பதும் ஒரு ஸேவையே. இல்லத்தில் நாள்தோறும் இப்பத்தையும் பொருளுணர்ந்து ஓதிவருபவர் ஸந்நிதியில் நிற்கும் சில நொடிகளிலும் திருவடி முதல் திருமுடி வரை முறையாக ஸேவிக்கக் கற்றிருப்பர்.

இல்லத்தில் செய்யும் முறை

நாளும் நூறு பாசுரம் ஓதவேண்டும் என்று தொடங்கினால் ஒரு வாரத்தில் சோர்வு தட்டும். ஒன்றே போதுமானது.

முதலாவது, காலம். திருவிளக்கேற்றியபின் என்றோ, துயிலுணர்ந்து நீராடியபின் என்றோ ஒரு வேளையை உறுதிசெய்க.

இரண்டாவது, சந்தை. ஆசார்யர் ஒருமுறை சொல்ல மாணவர் இருமுறை சொல்வது பாடசாலை வழக்கம். இல்லத்திலும் பெரியவர் ஒருவர் ஒருமுறை சொல்ல மற்றவர் இருமுறை சொல்லலாம். பின்னர் பதம் பிரித்து ஒருமுறை சொல்க. சந்தத்தில் சேர்ந்து நிற்கும் சொற்கள் பிரிந்தால்தான் பொருள் விளங்கும்.

மூன்றாவது, வினா. பேசுபவர் யார், யாரிடம் பேசுகிறார், எந்நிலையில் பேசுகிறார் என்று கேட்டுக்கொள்க. ஆழ்வார் தாமாகவே பேசுவதுண்டு; பராங்குசநாயகி என்னும் மகளாகவும், அவளுடைய தாயாகவும், தோழியாகவும் பேசுவதுண்டு. மகள் ஏங்குவதும் தாய் கலங்குவதும் ஒரே நெஞ்சின் இரு நிலைகள் என்று உணரும்போது பாசுரம் உயிர்பெற்று நிற்கும்.

நான்காவது, சொல். அன்றைய பாசுரத்தில் ஒரு சொல்லை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு தத்தம் தொழிலுக்குச் செல்க. வயலிலோ, அலுவலகத்திலோ, அடுக்களையிலோ, பேருந்திலோ அச்சொல் நினைவுக்கு வரும்போதெல்லாம் சற்றே நின்று எண்ணுக. இரவில் துயிலுமுன், அச்சொல் அன்று எதனைக் காட்டியது என்று நினைந்து பார்க்க. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவைப்பது இன்னும் நன்று.

இம்முறையில் திருவாய்மொழி 1102 பாசுரங்களும் நிறைவெய்த மூன்று ஆண்டும் ஏழு நாளும் ஆகும். நாலாயிரமும் நிறைவெய்த ஏறக்குறைய பதினோராண்டு ஆகும். ஒரு பதிகத்தின் ஸாரத்தை ஒரு வெண்பாவில் தரும் மணவாள மாமுனிகளின் திருவாய்மொழி நூற்றந்தாதியோ நூறே நாட்களில் நிறைவுறும். புதிதாகத் தொடங்குவோர்க்கு மார்கழித் திருப்பாவையைப்போல் எளிய வாயில் வேறில்லை.

சில ஐயங்கள்

பொருள் தெரியாமல் ஓதலாமா எனில், ஓதலாம். பொருளை அறியும் விருப்பத்தோடு ஓதவேண்டும். ஒருநாள் தவறினால் என்செய்வது எனில், மறுநாள் விட்ட இடத்திலேயே தொடங்குக. இரண்டாக ஓதிக் கணக்கை நேர்செய்ய வேண்டுவதில்லை. திருவாய்மொழி அந்தாதியாதலால், ஒரு பாசுரத்தின் முடிவே அடுத்ததன் தொடக்கத்தை நினைவூட்டும். ஆயிரத்தின் முடிவும் முதற்பாசுரத்தின் முதற்சொல்லோடு சென்று கூடும். ஆகவே ஓதி முடித்தவர்க்கும் மீண்டும் தொடக்கமே.

கைப்பேசியில் பாராயணத்தை ஒலிக்கவிட்டுப் பிற வேலை செய்தல் போதாதோ எனில், உச்சரிப்பையும் சந்தத்தையும் கற்க அது துணைசெய்யும்; ஆனால் நம் நா சொல்லாததும் நெஞ்சு நில்லாததும் அநுஸந்தானமாகா. அனத்யயன காலத்தில் திவ்யப்ரபந்தம் ஓதும் முறை திவ்யதேசந்தோறும், ஸம்ப்ரதாயந்தோறும் வேறுபடும். அந்நாட்களில் உபதேசரத்தினமாலை, தேசிகப்ரபந்தம் முதலியவற்றைத் தத்தம் பெரியோர் காட்டிய வழியில் ஓதுக, வழக்கம் அறாது.

நாலாயிரமும் கண்டபாடமாக இருந்த பாட்டனார் வாழ்ந்த இல்லங்களில், இன்று பெயரருக்குத் திருப்பாவையும் முழுதாகத் தெரிவதில்லை என்ற நிலை அரிதன்று. ஒருமுறை மறைந்து மீண்ட செல்வம் இது. அச்சேறிவிட்டமையால் இனி மறையாது என்று கருதற்க. ஓதுவாரும் எண்ணுவாரும் இல்லாத இல்லத்தில், புத்தகம் இருந்தும் அது மறைந்ததே ஆகும்.

அன்று பத்துப் பாசுரங்களை வீரநாராயணபுரத்திற்குக் கொண்டுவந்தவர்கள், இன்று இத்திருவிழாவிற்கு வந்திருப்போரைப் போன்ற யாத்ரிகர்களே. இவ்வுத்ஸவத்தை ஸேவித்து ஊர் திரும்பும் ஆஸ்திகர் ஒவ்வொருவரும், கோஷ்டியில் கேட்ட ஒரு பாசுரத்தையேனும் உடன்கொண்டு சென்று, நாளைக் காலை திருவிளக்கின் முன் அமர்ந்து ஓதத் தொடங்குவாராக. அவர்கள் இல்லங்களில் ஆழ்வார்களின் ஈரச்சொல் நாள்தோறும் ஒலிக்கவும், அதனைக் கேட்டு மகிழும் எம்பெருமான் பிராட்டியோடு அங்கு உகந்து எழுந்தருளியிருக்கவும் ப்ரார்த்திப்போமாக.

சுபம்.