ஜெபத்துக்கு ஒரு நேரம், சேவைக்கு ஒரு வீடு: புதுவைக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரியில் கோயில்களுக்குக் குறைவில்லை. மிஷன் வீதியில், பெரியவர்கள் இன்றும் சம்பா கோயில் என்றே சொல்லும் ஜென்மராக்கினி மாதா பேராலயம். ரயில் நிலையத்தருகே, 1907இல் அர்ச்சிக்கப்பட்ட இருதய ஆண்டவர் பசிலிக்கா. துய்மா வீதியில் கப்ஸ் கோயில். ஊருக்கு மேற்கே வில்லியனூர் லூர்து மாதா திருத்தலம். கொடியேற்றத்துக்கும் தேர்பவனிக்கும் இங்கெல்லாம் கூட்டம் அலைமோதும். கொடியிறக்கிய மறுநாள் காலையிலிருந்து நம் விசுவாசம் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

பக்தி உள்ள பலரும் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். ஜெபிக்க மனமிருக்கிறது, நேரம் அமைவதில்லை. உதவ மனமிருக்கிறது, யாருக்கு, எப்படி என்று தெரிவதில்லை. இரண்டுக்கும் வழி ஒன்றுதான். ஜெபத்துக்கு ஒரு நேரத்தைக் குறியுங்கள். சேவைக்கு ஒரு வீட்டைக் குறியுங்கள்.

இந்த ஊரில் நிலைத்து நின்ற தொண்டுகள் இப்படித்தான் தொடங்கின. 1827இல் வந்த குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர், கல்வியிலும் மருத்துவத்திலும் இறங்கினார்கள். ரோமன் ரோலண்ட் வீதியில் அவர்கள் நடத்தும் பூவேலைக் கூடம் பெண்களுக்கு இன்றும் தொழிலும் ஊதியமும் தருகிறது. 1844இல் துப்புய் அடிகளார், பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு சொல்லிக்கொடுக்கவென்றே இங்கு ஒரு கன்னியர் சபையை நிறுவினார். எல்லாருக்கும் எல்லாம் செய்ய அவர்கள் கிளம்பவில்லை. இன்னாருக்கு இன்னது என்று முடிவெடுத்து, மணியடித்தால் ஜெபத்துக்கும் மணியடித்தால் வேலைக்கும் போனார்கள். இல்லறத்தாரும் தம் அளவில் அதைச் செய்யலாம்.

1. காலையில் கால் மணி நேரம்

எழுந்ததும் கைப்பேசியைத் தொடுவதற்கு முன் ஜெபம். சிலுவை அடையாளம் போட்டு, நாளை ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுங்கள். பிறகு நற்செய்தியில் ஒரு பகுதி. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் மாற்கிலிருந்து தொடங்கலாம், 16 அதிகாரங்கள்தான். நான்கு நற்செய்திகளும் சேர்ந்து 89 அதிகாரங்கள். நாளொன்றுக்கு ஒன்று என்றால் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். அதன்பின் அன்றன்றைய திருப்பலி வாசகங்களைப் பின்தொடரலாம்.

வாசிக்கும்போது நான்கு படிகளைக் கைக்கொள்ளுங்கள். மெதுவாக ஒருமுறை வாசியுங்கள். மனத்தில் தைத்த இடத்தில் நில்லுங்கள். அதைப் பற்றி ஆண்டவரோடு உங்கள் சொந்த வார்த்தையில் பேசுங்கள். கடைசியாக, இன்று செய்ய வேண்டிய ஒரு செயலை முடிவு செய்யுங்கள். இந்த நாலாவது படியை விட்டுவிட்டால் வாசிப்பு ஏட்டோடு நின்றுபோகும்.

2. பகலில் மணியோசை, வேலையில் நேர்மை

காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. மூவேளை ஜெபத்துக்கு இரண்டு நிமிடம் போதும். கடையில் நின்றாலும் ஆட்டோவில் காத்திருந்தாலும் சொல்லலாம். மணியோசை கேட்காத இடத்தில் இருப்பவர்கள் கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை ஜெபத்திலிருந்து பிரிக்காதீர்கள். வீட்டு வேலைக்கு வருகிறவருக்குச் சொன்ன தேதியில் சம்பளம் கொடுப்பது, சுற்றுலா வந்தவரிடம் ஊராருக்குச் சொல்லும் விலையையே சொல்வது, அலுவலகத்தில் மனுவோடு நிற்கும் முதியவரை நாளைக்கு வரச் சொல்லாமல் அன்றே முடித்தனுப்புவது: மூன்றும் கோயிலுக்கு வெளியே நடக்கும் வழிபாடு. காலையில் ஜெபமாலை உருட்டிய கை மாலையில் தராசைச் சாய்த்தால், அதைப் பார்க்கிறவர் நம்மை மட்டும் அல்ல, நம் வேதத்தையும் சேர்த்தே எடைபோடுவார்.

3. இரவில் குடும்ப ஜெபமும் ஆன்ம சோதனையும்

சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ, வீட்டில் எல்லாரும் இருக்கும் ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்ல சுமார் இருபது நிமிடம் ஆகும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு பத்து மணியோடு தொடங்குங்கள். பிள்ளைகளே முன்னின்று சொல்லட்டும். ஒவ்வொரு நாளும் ஒருவர் பெயரைச் சொல்லி வேண்டுங்கள்: பரீட்சை எழுதும் பக்கத்து வீட்டுப் பிள்ளை, வேலையிழந்த மாமா, கடலுக்குப் போயிருக்கும் வீராம்பட்டினத்துக்காரர்.

படுக்குமுன் ஐந்து நிமிடம் ஆன்ம சோதனை. புனித இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த வழி இது. இன்று பெற்ற நன்மைக்கு நன்றி சொல்லுங்கள். யாரைப் புண்படுத்தினோம், எந்த உதவியைச் செய்யாமல் தட்டிக் கழித்தோம் என்று பாருங்கள். மன்னிப்புக் கேளுங்கள். நாளைக்கு ஒரு தீர்மானம் எடுங்கள்.

4. ஞாயிறு, முதல் வெள்ளி, பாவசங்கீர்த்தனம்

புதுவையில் ஓட்டல், கடை, விடுதி வேலை செய்பவர்களுக்கு ஞாயிறுதான் வேலை மிகுந்த நாள். அவர்கள் சனிக்கிழமை மாலைப் பூசையில் பங்கெடுத்தாலும் ஞாயிறு கடன் நிறைவேறும். நேரத்தை உங்கள் பங்கின் அறிவிப்புப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாளியாக இருக்கும் கிறிஸ்தவர், தம் வேலையாட்களுக்குப் பூசைக்குப் போய்வர ஒரு மணி நேரம் விடுப்புத் தரவேண்டும்.

மாதத்தில் முதல் வெள்ளி இருதய ஆண்டவர் பக்திக்கு உரியது. அந்த வாரத்தையே பாவசங்கீர்த்தனத்துக்கும் குறித்துக்கொண்டால் மறக்காது. வீட்டில் படுத்த படுக்கையாக யாராவது இருந்தால் பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நற்கருணையும் நோயில்பூசுதலும் வீடு தேடி வரும். கடைசி மூச்சு வரை காத்திருந்து ஓடிவரும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

5. அன்பியத்தில் ஒரு இருக்கை

தனியாக எடுத்த தீர்மானம் ஒரு மாதத்தில் தளர்ந்துவிடும். உங்கள் தெருவின் அன்பியத்தில் சேருங்கள். பங்கில் எந்தச் சபை இருக்கிறது என்றும் விசாரியுங்கள். 1833இல் பாரீஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழைகளின் வீடு தேடிப்போய் உதவுகிறது. 1921இல் டப்ளினில் தொடங்கிய மரியாயின் சேனை, பொருளுதவி செய்யாது. வாரந்தோறும் இருவர் இருவராகச் சென்று சந்தித்து, ஆறுதல் சொல்லி, ஜெபிக்கும். உங்கள் மனம் எதற்கு ஏற்றதோ அதில் சேரலாம்.

அன்பியம் எல்லா வீட்டிலும் கூடுகிறதா என்று பாருங்கள். ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு 1745ஆம் ஆண்டுச் செய்தி ஒன்றைச் சொல்கிறது. அன்றைய சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் பெரிய சாமியாரிடம் போய் முறையிட்டார்கள்; சுவர் இடிக்கப்பட்டது. அந்தக் கோயிலே 1761இல் ஆங்கிலேயர் நகரை அழித்தபோது தரைமட்டமானது. இன்றைய பேராலயம் 1791இல் எழுந்தது. கல் சுவர் போனாலும் மனச்சுவர் பல வீட்டில் நிற்கிறது. நீங்கள் இதுவரை போகாத ஒரு கிறிஸ்தவ வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கும் தண்ணீரைக் குடித்து ஜெபித்துவிட்டு வாருங்கள். அதைச் செய்யாமல் மற்ற சேவைக்குப் போவதில் பொருளில்லை.

6. ஒரு வீடு, ஒரு முதியவர்

புதுவைக்கே உரிய ஒரு துயரம் உண்டு. பிள்ளைகள் பிரான்ஸில், பெற்றோர் இங்கே தனியாக. வீட்டில் பணத்துக்குக் குறைவிருக்காது. பேச ஆளிருக்காது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லும் பசித்தவர், அந்நியர், நோயாளி, சிறையிலிருப்பவர் வரிசையில் இந்த முதியவருக்கும் இடமுண்டு. சந்திப்பை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

• பங்கு வழியாகவோ அன்பியம் வழியாகவோ ஒரு வீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல்முறை அவர்களுக்குத் தெரிந்த ஒருவரோடு போங்கள்.

• கிழமையும் நேரமும் மாறக்கூடாது. புதன் மாலை ஐந்து என்றால் ஒவ்வொரு புதனும் ஐந்துதான். அவர் காலையிலிருந்து அதை எதிர்பார்த்திருப்பார். வர முடியாவிட்டால் முன்பே சொல்லுங்கள்.

• அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். பேசுவதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்டுங்கள். ஒரே கதையைத் திரும்பச் சொன்னாலும் புதிதாகக் கேளுங்கள்.

• கையால் ஆகும் உதவியைக் கேட்டுச் செய்யுங்கள்: மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து வைப்பது, பிள்ளைகளோடு வீடியோவில் பேச வைப்பது, கண்ணாடியைப் பழுது பார்ப்பது.

• பிரான்ஸிலிருந்து ஓய்வூதியம் வாங்குபவர் உயிருடன் இருப்பதற்கான சான்றை ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியருக்கு அது நவம்பர் மாத வேலை. துணைக்குப் போய்வாருங்கள். ஆனால் வங்கி அட்டை, ரகசிய எண், கையெழுத்திட்ட காசோலை எதையும் கையில் வாங்காதீர்கள்.

• கொடுமையோ கைவிடலோ தெரியவந்தால் முதியோர் உதவி எண் 14567க்குச் சொல்லுங்கள்.

7. ஜிப்மர் வாசலில்

1823இல் பிரெஞ்சு மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய வரலாறுடைய ஜிப்மருக்கு, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை எனப் பல மாவட்டத்து ஏழைகள் வருகிறார்கள். எந்தக் கவுண்டர், எந்தச் சீட்டு என்று தெரியாமல் கோரிமேட்டில் தவிப்பவர்கள் அதிகம். மருத்துவர்களில் பலர் வெளி மாநிலத்தவர். படிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள ஒருவர் துணை நின்றாலே பாதிப் பாரம் குறையும். மருத்துவமனையின் அனுமதியோடு, பங்குக் குழு வழியாகச் செய்யுங்கள். மருத்துவ ஆலோசனை மட்டும் சொல்லக்கூடாது.

ரத்ததானம் இன்னொரு வழி. 18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள ஆரோக்கியமானவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. திருநாள் கொண்டாடும் ஒவ்வொரு பங்கும் அன்று ஒரு ரத்ததான முகாம் வைத்தால் அதைவிட நல்ல காணிக்கை இல்லை.

8. பிடியரிசியும் உண்டியலும்

நம் பாட்டிமார் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். ஒரு பிடி ஐம்பது கிராம் என்றாலும், தினம் இருமுறை எடுத்தால் மாதம் மூன்று கிலோ. ஒரு அன்பியத்தில் இருபது குடும்பம் இருந்தால் அறுபது கிலோ. சில ஏழைக் குடும்பங்களுக்கு மாத அரிசி. வெள்ளிக்கிழமை புலால் விட்ட பணத்தையும் தவக்கால நோன்பில் மிஞ்சியதையும் ஒரு உண்டியலில் போடுங்கள். உயிர்ப்பு ஞாயிறுக்கு முன் அது ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவுக்குப் போய்ச் சேரட்டும்.

9. மழைக்கு முன் தயாராவது

2011 டிசம்பரில் தானே புயல், 2024 நவம்பர் 30இல் பெஞ்சல். பெஞ்சலின்போது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற பகுதிகள் வெள்ளத்தில் மிதந்தன. வெள்ளம் வந்தபின் பொட்டலம் கட்டுவது நல்லது. ஐப்பசிக்கு முன்பே அன்பியம் ஒரு பட்டியல் எழுதி வைப்பது அதைவிட நல்லது: தரைத்தளத்தில் தனியாக இருக்கும் முதியவர், நிறைமாதக் கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்பவர், மாற்றுத்திறனாளி யார் யார்? ஒவ்வொருவரையும் அழைத்துவரப் பொறுப்பானவர் யார்? இந்தப் பட்டியலில் சாதியும் வேண்டாம், மதமும் வேண்டாம்.

10. செய்யக்கூடாதவை

உதவி பெற்றவரின் படத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அவருக்கும் மானம் உண்டு. உதவியை மதம் மாற விலையாக வைக்காதீர்கள். 1748இல் முற்றுகைக் காலத்தில் அன்றைய சம்பா கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட வரலாற்றை நினைவில் கொண்ட ஊர் இது. இங்கே கிறிஸ்தவரின் தொண்டு அண்டை வீட்டாருக்கு அச்சம் தராததாக இருக்க வேண்டும். குழந்தைகளோடு பணி செய்யும்போது தனியறையில் தனியாக இருக்காதீர்கள். எப்போதும் இரண்டு பெரியவர்கள் உடனிருக்கட்டும். முடியாததை வாக்களிக்காதீர்கள். உங்கள் வீட்டில் தாய் தந்தையரைத் தவிக்கவிட்டு ஊர்ச் சேவைக்குப் போகாதீர்கள்.

வாரத் திட்டம், ஒரு பார்வையில்

தினமும்: காலை கால் மணி நற்செய்தி, மூவேளை ஜெபம், இரவு ஜெபமாலை, ஆன்ம சோதனை, பிடியரிசி.
வாரம்: ஞாயிறு பூசை, ஒரு முதியவரைச் சந்தித்தல்.
மாதம்: முதல் வெள்ளி, பாவசங்கீர்த்தனம், அன்பியக் கூட்டம், ஜிப்மர் பணி.
ஆண்டு: தவக்கால உண்டியல், ரத்ததானம், மழைக்கு முன் பட்டியல்.

பத்தையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதலாவதையும் ஆறாவதையும் மட்டும் தொடங்குங்கள். அவை வேர்பிடித்த பின் மற்றவற்றைச் சேர்க்கலாம். தவறிய நாளுக்காக மனம் சோராமல் மறுநாள் அதே நேரத்தில் உட்காருங்கள்.

வரும் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குச் சாமியாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "சாமி, நம்ம பங்குல யாரும் போய்ப் பாக்காத வீடு எது?" அவர் சொல்லும் வீட்டுக்கு அந்த வாரமே போய்விடுங்கள்.